ஆங்கிலத்தில் எழுதக் கற்றுத்தர எந்தக் கருவி? இரண்டு வாக்கியங்களை வைத்து ஓர் ஒப்பீடு

“ஒன் டே மை பிரதர் வாஸ் கம். ஹி டெல் ஹவுஸ் இஸ் சோல்ட்.”

என் மாலை வகுப்பில் ஒரு மாணவி எழுதிய இரண்டு ஆங்கில வாக்கியங்கள் இவை. தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். மறக்க முடியாத ஒரு நாளைப் பற்றி எழுதுங்கள் என்று சொல்லியிருந்தேன். அரை மணி நேரம் உட்கார்ந்து ஏழெட்டு வரி எழுதியிருந்தார். அதில் இந்த இரண்டு வரிகளை மட்டும் எடுத்து, வகுப்பில் பயன்படுத்தலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த கருவிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எந்தக் கருவி எந்த வகுப்புக்கு என்ற முடிவுக்கு நான் வந்தது அந்த வழியாகத்தான்.

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களுக்கு எழுதச் சொல்லித்தருபவர்களுக்கு இன்று கருவிகளுக்குப் பஞ்சமே இல்லை. சேர்ந்து எழுதும் ஆவணம், இலக்கணத் திருத்தி, மதிப்பெண் போடும் தளம், செயற்கை நுண்ணறிவு, மொழிபெயர்ப்பு, குரல்வழித் தட்டச்சு என்று வரிசை நீள்கிறது. அத்தனையையும் வகுப்பில் இறக்கினால் எழுத நேரம் இருக்காது. ஒன்றிரண்டைத்தான் எடுக்க முடியும்.

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவி வந்த பிறகு, மாணவர் தன் வாக்கியத்தைத் தானே இன்னொரு முறை எழுதுகிறாரா? ஆம் என்றால் எடுத்துக்கொள்வேன். வேறு யாரோ, எதுவோ அவருக்காக எழுதித் தந்துவிடுகிறது என்றால் ஒதுக்கிவைப்பேன்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. கனடாவில் பிரெஞ்சு வழியாகவே பாடம் படித்த பிள்ளைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன் 1985-இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். ஆண்டுக்கணக்கில் அந்த மொழியைக் கேட்டும் வாசித்தும் வந்த பிள்ளைகளுக்குப் புரிந்துகொள்வதில் பெரிய குறை இல்லை. பேச்சிலும் எழுத்திலும் மட்டும் இலக்கணம் தடுமாறிக்கொண்டே இருந்தது. புரிந்துகொள்வதற்கு வினையின் வால்பகுதி தேவைப்படாது, சூழலை வைத்தே ஊகித்துவிடலாம். எழுத உட்காரும்போதுதான் அது தன்னிடம் இல்லை என்று தெரியவரும். மாணவர் பேனாவைக் கடித்துக்கொண்டு நிற்கும் அந்த நிமிடம் விலைமதிப்பற்றது. அந்த நிமிடத்தில் கருவி புகுந்து வேலையை முடித்துக் கொடுத்துவிட்டால் அவர் கையில் ஒன்றும் மிஞ்சாது.

அடிக்கோடு போடும் திருத்திகள்

கிராமர்லி, லாங்குவேஜ்டூல், வேர்டுக்குள்ளேயே இருக்கும் எடிட்டர் எல்லாம் இந்த வகை. பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இவைதான். நான் போட்டுப் பார்த்த திருத்தி அந்த இரண்டு வரிகளில் நான்கு இடத்தில் கோடு போட்டது. ‘வாஸ் கம்’ என்பது ‘கேம்’ ஆனது. ‘டெல்’ என்பது ‘டோல்ட் மி’ ஆனது. ‘ஹவுஸ்’ என்பதற்கு முன்னால் ‘தி’ வந்தது. ‘இஸ்’ போய் ‘வாஸ்’ வந்தது. மாணவி நான்கு முறை தட்டினார், பத்து விநாடியில் வரிகள் சுத்தமாகிவிட்டன. அடுத்த வாரம் அவரே ‘ஐ வாஸ் கோ’ என்று எழுதிக்கொண்டு வந்தார்.

திருத்தி செய்த திருத்தத்தில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் ‘வாஸ் கம்’ எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நடந்து முடிந்தது என்றால் ‘வாஸ்’ போட வேண்டும் என்று அவர் தானாகவே ஒரு விதியை உருவாக்கி வைத்திருக்கிறார். அந்த விதியைப் பிடித்து உடைக்காதவரை எத்தனை ‘வாஸ் கம்’களைத் திருத்தினாலும் பக்கத்தில் ஒரு ‘வாஸ் கோ’ முளைக்கும்.

‘தி’ விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். தமிழில் ‘தி’ கிடையாது, அதனால் நம் மாணவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள் என்று பொதுவாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அது காட்டும் வேறுபாடு தமிழிலும் இருக்கிறதே! ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்றால் கேட்பவருக்கும் தெரிந்த, முன்பே பேச்சில் வந்த புத்தகம். அந்த ‘ஐ’ செய்யும் வேலையில் ஒரு பகுதியைத்தான் ஆங்கிலத்தில் ‘தி’ செய்கிறது. இதைச் சொன்ன அன்று வகுப்பில் இரண்டு மூன்று பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எழுவாய்க்கு இந்த விளக்கம் பொருந்தாது, எல்லா இடத்துக்கும் இழுக்கக் கூடாது. ஆனாலும் பிடித்துக்கொண்டு ஏற ஒரு கொம்பு கிடைத்துவிடுகிறது. திருத்தி இந்தப் பக்கம் வராது. ஆங்கில இலக்கணச் சொல் ஒன்றைப் போட்டு ஒரு வரி விளக்கம் தரும். தொடக்கநிலை மாணவருக்கு அந்தச் சொல்லே புரியாது, ஏற்றுக்கொள்ளும் பொத்தானைத் தட்டிவிட்டுப் போவார்.

பிழை திருத்துவதால் பயன் உண்டா என்பதே எங்கள் துறையில் பழைய சண்டை. இரண்டாம் மொழி எழுத்து வகுப்பில் இலக்கணத் திருத்தத்தையே கைவிட வேண்டும் என்று 1996-இல் ஜான் டிரஸ்காட் எழுதினார். 1999-இல் டானா ஃபெரிஸ் அதை மறுத்தார். தேர்ந்தெடுத்து, முக்கியமானதை முன்னால் வைத்து, தெளிவாகத் திருத்தினால் பயன் உண்டு என்பது ஃபெரிஸ் தரப்பு. நான் அந்தப் பக்கம்தான். திருத்தி செய்வதோ இதற்கு நேர் எதிர். தேர்ந்தெடுக்காமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காட்டும். ஒரு பத்தியில் 14 கோடுகளைப் பார்க்கிற தொடக்கநிலை மாணவருக்கு, தனக்கு இங்கிலீஷே வராது என்றுதான் தோன்றும்.

அதற்காகத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எழுதும்போது அணைத்துவைத்து, இரண்டாம் வரைவு முடிந்த பிறகு திறந்தால் நல்ல வேலைக்காரன். நான் போட்டிருக்கும் ஒரே விதி, பரிந்துரையைத் தட்டக் கூடாது என்பதுதான். கோடு எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு, மூடிவைத்து, கையால் மாற்ற வேண்டும். இடைநிலைக்கு மேல் உள்ளவர்களுக்கு, அலுவலகக் கடிதம் எழுதுபவர்களுக்கு, இது போதும். மாணவர் எழுத்து வெளியே போகக் கூடாது என்று நினைக்கும் நிறுவனங்களுக்கு லாங்குவேஜ்டூல் வசதி. அதன் அடிப்படை நிரல் திறந்த மூலம், சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம்.

சேர்ந்து எழுதும் ஆவணம்

எனக்கு ஒரே ஒரு கருவிதான் என்று சொன்னால் இதைத்தான் எடுப்பேன். கூகுள் டாக்ஸ் 2006-இல் வந்தது, அதுபோல இன்று வேறு பலவும் உண்டு. புதுமை என்று சொல்ல இதில் ஒன்றும் இல்லை, அதனாலேயே பலர் இதைத் தொழில்நுட்பமாகக்கூட எண்ணுவதில்லை. மாணவர் எழுதுகிறார், நான் ஓரத்தில் குறிப்பு போடுகிறேன், அவர் மாற்றுகிறார், மாறியதெல்லாம் நாள் நேரத்தோடு பதிவாகிறது. அவ்வளவுதான்.

அந்த மாணவியின் இரண்டாம் வாக்கியத்துக்குப் பக்கத்தில் நான் இலக்கணத்தைத் தொடவில்லை. “வீட்டை விற்றது யார்? செய்தி கேட்டதும் உங்களுக்கு எப்படி இருந்தது?” என்று இரண்டு கேள்வி மட்டும் போட்டேன். ‘ஹவுஸ் இஸ் சோல்ட்’ என்பது நேராக ‘வீடு வித்தாச்சு’ என்பதிலிருந்து வந்த வாக்கியம். தமிழில் செய்தவரைச் சொல்லாமலே அப்படி முடித்துவிடலாம், கேட்பவரும் புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் எழுதும்போது, அதுவும் கதை சொல்லும்போது, ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினால்தான் வாக்கியத்துக்கு உயிர் வரும்.

வகுப்புக்கு வந்ததும் சொன்னார்: “அப்பாதான் மிஸ் வித்தாரு. எங்க யார்கிட்டயும் சொல்லல. ஆனா எனக்கு வருத்தமில்ல மிஸ், கடன் முடிஞ்சுதேன்னு நிம்மதியாத்தான் இருந்துச்சு.” அதையே எழுதுங்கள் என்றேன். அன்று இரவு ஆவணத்தில் இப்படி வந்திருந்தது: “மை ஃபாதர் சோல்ட் தி ஹவுஸ். ஹி டிட் நாட் டெல் அஸ். ஐ வாஸ் நாட் சேட். தி லோன் வாஸ் ஃபினிஷ்.”

நான்கு வாக்கியங்கள். ஒரு கதை தொடங்கிவிட்டது. ‘தி ஹவுஸ்’ என்பதில் ‘தி’ தானாக வந்திருந்தது, நான் அதைக் கேட்கவே இல்லை. ‘டிட் நாட் டெல்’ சரியாக விழுந்திருந்தது. ‘வாஸ் ஃபினிஷ்’ மட்டும் மிச்சம். அந்த ஒன்றை எடுத்து அடுத்த வகுப்பில் எல்லோருக்கும் சேர்த்துப் பேசினோம், அப்போதுதான் ‘வாஸ் கம்’ விதி உடைய ஆரம்பித்தது. என்ன சொல்ல வருகிறோம் என்பது தெளிவானதும் இலக்கணத்தில் பாதி தானாகச் சரியாவதை நான் பல முறை பார்த்துவிட்டேன்.

முந்தைய பதிப்புகளைத் திறந்து பார்க்கும் வசதியைப் பலரும் காப்பி அடித்ததைக் கண்டுபிடிக்க மட்டும் பயன்படுத்துகிறார்கள். அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. முதல் வரைவையும் மூன்றாம் வரைவையும் மாணவரோடு பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எந்த வாக்கியம் நகர்ந்தது, எது காணாமல் போனது, எதை எழுதி எழுதி அழித்திருக்கிறார் என்பதெல்லாம் தெரியும். தான் முன்னேறியிருக்கிறோம் என்பதற்கு மாணவரின் கண்முன்னே இருக்கும் சான்று அது. மதிப்பெண்ணைவிட அதை அவர்கள் நம்புகிறார்கள்.

ஆராய்ச்சியும் இந்தப் பக்கம்தான் பேசுகிறது. ஸ்டீவ் கிரஹாமும் டோலோரஸ் பெரினும் 2007-இல், 4 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களின் எழுத்தை மேம்படுத்தும் 11 வழிகளைத் தொகுத்தார்கள். கணினியில் எழுதுவது அவற்றில் ஒன்று. திட்டமிடுவது, திருத்துவது போன்ற உத்திகளை நேரடியாகக் கற்பிப்பதன் பலன் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஆவணத்தைத் திறந்து கொடுத்துவிட்டால் போதாது, எப்படித் திருத்துவது என்று காட்டவும் வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. பெரிய குறை ஆசிரியரின் நேரம். 40 பேர், ஒரு கட்டுரைக்குப் பத்து நிமிடம் என்றால் 400 நிமிடம், ஏறக்குறைய ஏழு மணி நேரம். இரண்டு வரைவு என்றால் அது இரட்டிப்பு. நான் செய்வது இதுதான்: முதல் வரைவில் பொருளைப் பற்றி இரண்டு கேள்வி மட்டும். இரண்டாம் வரைவில் ஒரே ஒரு வகைப் பிழை மட்டும், அதையும் மூன்று இடத்தில் குறித்துவிட்டு மற்ற இடங்களை அவரையே தேடச் சொல்வேன். நான்கு பேர் கொண்ட குழுக்களில் ஒருவர் எழுத்துக்கு ஒருவர் கேள்வி போடுவார்கள். ‘நன்றாக இருக்கிறது’ என்று மட்டும் போடக் கூடாது, கேள்விக்குறியில் முடிய வேண்டும் என்பது விதி.

இன்னொரு குறை கைப்பேசி. சின்னத் திரையில் ஓரக் குறிப்புகள் ஒளிந்துகொள்ளும், மாணவர் பார்க்காமலே விட்டுவிடுவார். கைப்பேசி விசைப்பலகை வேறு அடுத்த சொல்லைத் தானே முன்மொழியும், எழுத்துப்பிழையைச் சொல்லாமலே மாற்றும். எழுதுவது யார் என்றே குழம்பிப்போகும். வகுப்பின் முதல் நாளே அந்த இரண்டையும் அணைக்கச் சொல்லிவிடுகிறேன்.

செயற்கை நுண்ணறிவு

2022 நவம்பர் 30-ஆம் தேதி சாட்ஜிபிடி வெளிவந்தது. எங்கள் வகுப்பறைகளின் கணக்கு அன்றே மாறிவிட்டது. ‘இதைச் சரியாக்கு’ என்று அந்த இரண்டு வரிகளைப் போட்டதும் வந்தது இது: “ஒன் ஃபேட்ஃபுல் டே, மை பிரதர் அரைவ்ட் வித் தி ஹார்ட்பிரேக்கிங் நியூஸ் தட் அவர் பிலவ்ட் ஹோம் ஹேட் பீன் சோல்ட்.”

இலக்கணத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அவருக்கு இதயம் நொறுங்கவில்லையே! நிம்மதியாக அல்லவா இருந்தது? மாணவியிடம் காட்டினேன். நோட்டில் எழுதிக்கொண்டார். “அன்னைக்கு உங்களுக்கு அழுகை வந்துச்சா?” என்று கேட்டேன். “இல்ல மிஸ். ஆனா இங்கிலீஷ்ல இப்படித்தான் எழுதணும்போல” என்றார்.

அந்தப் பதில் என்னை விட்டுப் போகவே இல்லை. தன் வாழ்க்கையில் நடந்ததைவிடக் கருவி எழுதியது சரி என்று அவர் எடுத்துக்கொண்டார், ஏனென்றால் அதன் ஆங்கிலம் சரியாக இருந்தது. மொழி தெரிந்தவர் அந்த வரியைப் பார்த்து, இது ரொம்ப மிகை என்று தள்ளிவிடுவார். கற்றுக்கொண்டிருப்பவருக்கு அந்தத் தராசு இன்னும் கையில் வரவில்லை. அதனால்தான் தொடக்கநிலை மாணவர்களிடம் ‘சரியாக்கு’ என்று கேட்பதையே தடை செய்திருக்கிறேன்.

இதையே வேறு விதமாகப் பயன்படுத்திப் பார்த்தேன். “இதைத் திருத்தாதே, மாற்றி எழுதாதே. நான் ஆங்கிலம் கற்கும் தொடக்கநிலை மாணவி. வாசிப்பவருக்குப் புரியாத இடங்களைப் பற்றி எளிய ஆங்கிலத்தில் மூன்று கேள்வி மட்டும் கேள்.” வந்த கேள்விகள்: வீட்டை விற்றது யார்? அண்ணன் சொன்னபோது நீ எங்கே இருந்தாய்? உனக்கு எப்படி இருந்தது? நான் ஆவணத்தின் ஓரத்தில் கேட்டதையே கிட்டத்தட்ட கேட்டுவிட்டது, அதுவும் மூன்று விநாடியில். 40 பேர் உள்ள வகுப்பில், இரவு பதினொரு மணிக்கு எழுத உட்காரும் ஒருவருக்கு, இது எவ்வளவு பெரிய துணை என்று நினைத்துப் பாருங்கள். இதை மனதார ஒப்புக்கொள்கிறேன். தமிழிலேயே சந்தேகம் கேட்கலாம் என்பதும் இன்னொரு நன்மை. ‘டிட்’ வந்த பிறகு ஏன் ‘டோல்ட்’ வரவில்லை என்று கூச்சமில்லாமல் பத்து முறை கேட்கலாம்.

ஆனால் கடிவாளம் வேண்டும். இரண்டு மூன்று பதில் போனதும், ‘முழுவதையும் மாற்றி எழுதித் தரட்டுமா?’ என்று அது கேட்கும். களைத்துப்போன மாணவர் சரி என்பார். சுமாரான பத்தியையும் அருமை என்று பாராட்டும். இலக்கண விளக்கம் சில நேரம் தவறாகவும் வரும், அதை அதே உறுதியான குரலில் சொல்லும். வயதும் ஒரு விஷயம். யுனெஸ்கோ 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வகுப்பறையில் இதைப் பயன்படுத்த குறைந்தபட்ச வயது 13 என்று வைக்கச் சொல்கிறது. சிறு பிள்ளைகள் வகுப்பில் ஆசிரியர் தன் கணக்கிலிருந்து கேள்விகளைப் பெற்று, பலகையில் எழுதிப்போடலாம். எல்லோர் கையிலும் கொடுக்க வேண்டிய தேவையில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இயந்திரம் எழுதியதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பி மாணவரைக் குற்றம் சாட்டாதீர்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் ஏழு கண்டறியும் கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாக 61 சதவீதத்துக்கு மேல் இயந்திரம் எழுதியது என்று தவறாக முத்திரை விழுந்தது. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளிலோ அந்தத் தவறு மிகக் குறைவு. காரணம் எளிது. அடுத்து வரும் சொல் எளிதில் ஊகிக்கக்கூடியதாக இருந்தால் இயந்திரம் என்று அவை முடிவு கட்டுகின்றன. கற்றுக்கொண்டிருப்பவர் தனக்குத் தெரிந்த சில நூறு சொற்களைக் கொண்டுதானே எழுதுவார்? சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் வெளியிட்ட தன் கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டது. கஷ்டப்பட்டு நான்கு வரி எழுதிய பிள்ளையிடம் ‘இது நீ எழுதியதில்லை’ என்று சொன்னால் அதன் பிறகு அது எழுதவே எழுதாது. சந்தேகம் வந்தால் பக்கத்தில் உட்காரவைத்து ஆவணத்தின் பழைய பதிப்புகளைத் திறந்து பாருங்கள், இந்த வரியை எப்படி எழுதினாய் என்று பேச்சுக் கொடுங்கள்.

மதிப்பெண் போடும் தளங்கள்

கட்டுரைக்கு இயந்திரம் மதிப்பெண் போடுவது 1960-களிலேயே எல்லிஸ் பேஜ் தொடங்கிவைத்த வேலை. 1999-இலிருந்து, மேலாண்மைப் படிப்பில் சேர எழுதும் ஜிமேட் தேர்வின் கட்டுரைகளை மனிதரோடு சேர்ந்து ஈ-ரேட்டர் என்ற மென்பொருளும் மதிப்பிட்டது. 2014-இல் எம்ஐடியின் லெஸ் பெரெல்மேன் மாணவர்களோடு சேர்ந்து, பொருளே இல்லாத கட்டுரைகளை உருவாக்கும் ஒரு நிரலை எழுதி, அவற்றுக்கு இத்தகைய மென்பொருள்கள் உயர்ந்த மதிப்பெண் போடுவதைக் காட்டினார். நீளத்தையும் பெரிய சொற்களையும் கண்டு அவை ஏமாந்தன.

அதனால் கதை, அனுபவம் எழுதும் வகுப்புக்கு இவை வேண்டாம். தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு மட்டும் பயனுண்டு. கேம்பிரிட்ஜின் ரைட் அண்ட் இம்ப்ரூவ் தளம், தொடக்கநிலையான ஏ1 முதல் மிக உயர்ந்த சி2 வரை எந்த நிலையில் இருக்கிறோம் என்று காட்டும். எந்த வாக்கியம் பலவீனம் என்று நிறம் அடித்துக் காட்டும், முழுவதையும் மாற்றி எழுதித் தராது. திரும்பத் திரும்ப எழுதி அனுப்பத் தூண்டுகிறது, அந்த அளவில் என் அளவுகோலில் தேறுகிறது.

மற்றவை

மொழிபெயர்ப்பைப் பற்றி ஆசிரியர்களுக்கு உள்ள வெறுப்பு எனக்கு இல்லை. தமிழில் முழுப் பத்தியை எழுதிப் போட்டு ஆங்கிலத்தில் எடுத்துக்கொண்டால் கற்றது ஒன்றுமில்லைதான். ஆனால் எதிர்த்திசையில் பயன்படுத்திப் பாருங்கள். மாணவர் தான் எழுதிய ஆங்கிலத்தைப் போட்டு, தமிழில் என்ன வருகிறது என்று வாசிக்கட்டும். தான் நினைத்ததும் வந்ததும் ஒத்துப்போகாத இடத்தில் தானாகவே போய் ஆங்கிலத்தை மாற்றுவார். பிழையைக் கருவி விழுங்கிவிட்டுச் சரியான தமிழைத் தந்துவிடும் நேரமும் உண்டு, அதனால் இதைப் பொருள் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

உண்மையான எழுத்திலிருந்தும் பேச்சிலிருந்தும் திரட்டிய தொகுப்புகளான சொல்வங்கிகள் பலருக்கும் தெரிவதில்லை. 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசியச் சொல்வங்கி, 100 கோடிக்கு மேல் கொண்ட சமகால அமெரிக்க ஆங்கிலச் சொல்வங்கி போன்றவற்றில் ஒரு சொல்லைத் தேடினால் அது வந்த வாக்கியங்கள் வரிசையாக வந்து நிற்கும். ‘பற்றி விவாதித்தோம்’ என்ற தமிழ்ப் பழக்கத்தில் எல்லோரும் எழுதும் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது வரிகளை வாசித்துவிட்டு, “மிஸ், எதுலயுமே அபவுட் இல்லையே!” என்று மாணவரே சொல்லும்போது, அந்தத் திருத்தம் நான் சொல்லியிருந்தால் நின்றிருக்கும் காலத்தைவிட நெடுநாள் நிற்கிறது. இடைநிலைக்குக் கீழே வேண்டாம், அந்த வரிகளின் சொற்களே அவர்களை அடித்துப்போட்டுவிடும்.

குரல்வழித் தட்டச்சு, பேச வரும் ஆனால் எழுத உட்கார்ந்தால் கை நடுங்கும் என்பவர்களுக்கு நல்ல திறவுகோல். உச்சரிப்பு இன்னும் படியாதவர்களுக்கு வேறு சொல் விழுந்து எரிச்சல்தான் மிஞ்சும். ஆசிரியர் பக்கத்திலிருந்து குரல் மிகவும் உதவும். பத்து நிமிடம் எழுதும் குறிப்பை இரண்டு நிமிடக் குரல் பதிவாகத் தமிழில் சொல்லி அனுப்பினால் அவர்கள் இரண்டு மூன்று முறை போட்டுக் கேட்கிறார்கள்.

சரி, எதை எடுப்பது?

தொடக்கநிலை வகுப்பு என்றால் சேர்ந்து எழுதும் ஆவணம், உங்கள் குரல் பதிவு. வேறு எதுவும் வேண்டாம். இடைநிலைக்கு அதோடு, முதல் வரைவு முடிந்த பிறகு கேள்வி மட்டும் கேட்கும் செயற்கை நுண்ணறிவு. எந்தச் சொற்களில் அதைக் கேட்க வேண்டும் என்பதை நீங்களே எழுதிக் கொடுங்கள், மாணவர் அப்படியே ஒட்டிக்கொள்ளட்டும். சாட் முழுவதையும் ஆவணத்தின் கடைசியில் சேர்க்கச் சொல்லுங்கள். மேல்நிலைக்கு, வேலைக்காக எழுதுபவர்களுக்கு, கடைசிப் படியாகத் திருத்தியையும் சொல்வங்கியையும் சேர்க்கலாம். தேர்வுக்குப் போகிறவர் என்றால் மதிப்பெண் தளம் வாரம் ஒரு முறை.

எல்லோரிடமும் கைப்பேசி மட்டும்தான் என்றால் முதல் வரைவைக் காகிதத்தில் எழுதவைத்து, படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், குரலில் பதில் சொல்லுங்கள், இரண்டாம் வரைவை மட்டும் தட்டச்சு செய்யட்டும். இதில் எந்தக் குறையும் இல்லை. என் வகுப்பில் நல்ல முன்னேற்றம் கண்ட சிலர் இந்த வழியில் வந்தவர்கள்தான். வகுப்பில் 15 பேருக்குள் என்றால் செயற்கை நுண்ணறிவு கேட்கும் கேள்விகளை நீங்களே கேட்டுவிடலாம், அதன் தேவை அவ்வளவு இருக்காது.

எடுத்த முடிவு சரியா என்று பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். முதல் வாரம் எல்லோரும் எந்தக் கருவியும் இல்லாமல் காகிதத்தில் 20 நிமிடம் எழுதுவார்கள், அதை எடுத்துப் பூட்டிவைத்துவிடுவேன். 12-ஆம் வாரம் மறுபடி அதே 20 நிமிடம், அதே காகிதம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். எத்தனை வரி, எத்தனை வாக்கியத்தில் செய்தவர் யார் என்று தெரிகிறது, ‘தி’ எங்கே விழுந்திருக்கிறது, அடித்துவிட்டு மேலே மாற்றி எழுதிய இடங்கள் எத்தனை என்று. கடைசியில் சொன்னதைத்தான் நான் ஆவலோடு எண்ணுவேன். வீடு விற்ற கதையை எழுதிய மாணவியின் 12-ஆம் வாரத் தாளில் ஒரு இடத்தில் ‘வாஸ் ஆஸ்க்’ என்று எழுதி, அதன் மேல் ஒரு கோடு இழுத்து, ‘ஆஸ்க்ட்’ என்று போட்டிருந்தார்.